திரை கழன்ற ஒன்பது நாட்கள்

இக்கட்டுரையில் சரிபார்த்த செய்திகளை மட்டுமே எழுதுகிறேன். மருத்துவமனை என்னிடம் கொடுத்தனுப்பிய தாள்களில் உள்ளவை, மருத்துவர் இரண்டு முறை ஒரே விதமாகச் சொன்னவை, என் இடக்கண்ணால் நானே கண்டு குறிப்பேட்டில் எழுதிவைத்தவை ஆகியவற்றையே சரிபார்த்தவை என்று கொள்கிறேன். வலக்கண்ணால் கண்டவற்றைச் சொல்ல நேர்ந்தால், அவை வலக்கண்ணால் கண்டவை என்பதையும் சேர்த்தே சொல்வேன். அக்கண் அந்த நாட்களில் நம்பத்தக்கதாக இல்லை. கண்ணில் நிழல் விழுந்து தானாகவே சரியாகிப் போனவர்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் பல கதைகள் உண்டு. அவர்களில் ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை. ஆகவே அக்கதைகளுக்கு இங்கே இடமில்லை.

இவ்வளவு கண்டிப்புக்கு வேறொரு காரணமும் உண்டு. அந்த மருத்துவமனைத் தாள்களில் ஒரு வரி ஆறு நாட்கள் பொய்யாக இருந்தது. அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்.

நான் இராமநாதபுரத்தில் ஒரு மகளிர் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். இது நடந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. மணம் செய்துகொள்ளவில்லை, பள்ளிக்கு அருகில் ஒரு வீட்டின் மாடியில் தனியாக வாழ்கிறேன். சொந்த ஊர் அதே மாவட்டத்தில் உள்ள சிக்கல். என்னைப் பெற்ற அய்யா தமிழாசிரியர்; இலக்கணத்தை அவரிடமே பாடம் கேட்டேன். அந்தப் பழக்கத்தால், பாடநூல் லென்ஸ் என்று அச்சிட்டிருந்தாலும் கரும்பலகையில் வில்லை என்றே எழுதுவேன். பத்தாம் வகுப்பின் ஒளியியல் பாடத்தை இருபத்திரண்டு ஆண்டுகள் கற்பித்திருந்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என் பிழை அந்த இருபத்திரண்டு ஆண்டுகளிலிருந்துதான் பிறந்தது.

சிறு வயது முதல் எனக்குக் கடுமையான கிட்டப்பார்வை. விழிக்கோளம் இருக்கவேண்டிய நீளத்தைவிட நீண்டிருந்தால், தொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் விழித்திரையை அடையுமுன்பே குவிந்துவிடும். திரையில் விழுவது கலங்கிய பிம்பம். குழிவில்லை அக்கதிர்களைச் சற்று விரித்து அனுப்புவதால், குவியும் இடம் பின்னே தள்ளிப்போய்த் திரையில் அமைகிறது. இதைக் கற்பித்தேன். ஆனால் விழிக்கோளம் நீளும்போது உள்ளே ஒட்டியிருக்கும் விழித்திரையும் இழுபட்டு மெலியும் என்பதும், மெலிந்தது ஒருநாள் கிழியலாம் என்பதும் பாடநூலில் இல்லை. பாடநூலில் இல்லாததை நான் தேடிப் படிக்கவுமில்லை.

தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு தை மாதம், உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் பாம்பனில் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. மாலையில் கடற்கரையில் கருவாடு உலர்த்தும் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்ட சிறிது நேரத்தில் என் வலக்கண்ணின் ஓரத்தில் வெள்ளை ஒளிக்கீற்று ஒன்று வில்லாக மின்னி மறைந்தது. மீண்டும் மின்னியது. தலையைத் திருப்பினேன்.

"என்ன டீச்சர், கொசுவா?" என்றார் அந்த ஆசிரியை.

"கலங்கரை விளக்கம். கண்ணாடியில எதிரொளிக்குது."

அவருக்கு விளக்கமும் சொன்னேன். கண்ணாடிப் பரப்பில் விழும் ஒளியில் பெரும்பகுதி ஊடுருவிச் செல்லும். ஒரு சிறு பங்கு எதிரொளிக்கும். நமக்குப் பின்னாலிருந்து வரும் ஒளி, மூக்குக்கண்ணாடியின் உட்புறத்தில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்குள் வரும். மெய்ப்பிப்பதற்காகக் கலங்கரை விளக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். ஒளி மின்னியது. "பாத்தீங்களா?" என்றேன். விளக்கத்தை நேராக நோக்கி நின்றபோதும் மின்னியது. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சோதனையின் பாதி முடிவை மட்டும் எழுதி வரும் மாணவிக்கு நான் மதிப்பெண் கொடுத்ததில்லை.

மறுநாள் காலை, வலக்கண்ணின் பார்வையில் கரித்தூள் போன்ற புள்ளிகள் மிதந்தன. அன்று பிற்பகலே பார்வையின் கீழ்விளிம்பில் ஒரு நிழல் தோன்றியது. ஈரமான சேலைக் கரைபோல் கறுத்து, வளைந்து, அசையாமல் நின்றது. அன்றுதான் முதல் நாள்.

இரண்டாம் நாள், வீட்டில் ஒரு சோதனை செய்தேன். திருமண அழைப்பிதழ் அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துளைவழியே வலக்கண்ணால் நாட்காட்டியைப் பார்த்தேன். நுண்துளை ஒரு பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மெல்லிய கற்றையை மட்டும் உள்ளே விடும். அதனால் வில்லை சரியாகக் குவிக்காவிட்டாலும் பிம்பம் தெளிவாகும். துளைவழியே தெளிவு கூடினால் குறை ஒளியைக் குவிப்பதில் உள்ளது; கூடாவிட்டால் குறை வேறிடத்தில். எனக்குத் தெளிவு கூடியது. எண்கள் அழகாகத் தெரிந்தன. குறை வில்லையில்தான் என்று முடிவு கட்டினேன்.

சோதனை சரியானது, முடிவு தவறானது. நுண்துளை பார்வையின் நடுப்பகுதியை மட்டுமே சோதிக்கிறது. கிட்டப்பார்வை உள்ள எவருக்கும் அதில் தெளிவு கூடத்தான் செய்யும். கீழ்விளிம்பில் நின்ற நிழலைப் பற்றி அந்த அட்டை ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சோதித்துப் பார்த்து, "பவர் ஏறியிருக்கு டீச்சர்" என்றார். அது உண்மைதான். நிழலை அவரிடம் சொல்லவில்லை. புதிய வில்லைகள் மதுரையிலிருந்து வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் நிழல் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறியது. நான் பாடம் நடத்தினேன், விடைத்தாள் திருத்தினேன், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு மாடியில் யாரும் இல்லை என்பது ஒரு காரணம். பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இதில் ஒன்றுமில்லை என்று எண்ணியது மற்றொன்று.

ஒன்பதாம் நாள், புதிய மூக்குக்கண்ணாடியுடன் வகுப்பில் குவிவில்லையின் கதிர்ப்படம் வரைந்தேன். முதன்மை அச்சை அளவுகோல் வைத்து இழுத்தேன். நடுவில் அது பள்ளத்தில் இறங்கியதுபோல் வளைந்திருந்தது. அழித்துவிட்டு மீண்டும் இழுத்தேன். மூன்றாம் முறை அழித்தபோது முன்வரிசைப் பெண் ஒருத்தி, "டீச்சர், கோடு நேராத்தான் இருக்கு. பாவம், விட்டுருங்க" என்றாள். வகுப்பு சிரித்தது. நான் திரும்பி, இடக்கண்ணைக் கையால் மூடிக்கொண்டு அவர்களைப் பார்த்தேன். இது வலக்கண்ணால் கண்டது: வகுப்பின் ஓரங்களில் மாணவியர் இருந்தனர். நடுவில் யாருமில்லை.

அன்று பிற்பகலே ஊரிலிருந்த கண் மருத்துவர் பார்த்துவிட்டு, இன்றே மதுரைக்குப் போகவேண்டும் என்றார். சிக்கலிலிருந்து அண்ணன் வந்து சேர்ந்தார். பேருந்தில் சன்னலோர இருக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு, வெயில் என் பக்கம் அடித்தபோது துண்டை எடுத்துச் சன்னலில் கட்டினார்.

மருத்துவமனைக் கூடத்தில் பாவையை விரிக்கும் சொட்டுமருந்து இட்டு, கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். ஒளிக்கு ஏற்பச் சுருங்கவும் விரியவும் செய்யும் துளைதான் பாவை; மருந்து அதை விரிந்த நிலையில் நிறுத்திவிடும். என் வரிசையில் ஏறத்தாழ முப்பது பேர் அவ்வாறு கண் மூடி அமர்ந்திருந்தோம். யாருடைய பெயர் அழைக்கப்படும் என்று அனைவரும் செவியை மட்டும் நம்பிக் காத்திருந்தோம்.

மருத்துவர் ஐம்பது வயதுக்குட்பட்ட பெண்மணி. நெற்றியில் விளக்கை அணிந்துகொண்டு, ஒரு குவிவில்லையை விரல்களால் பற்றி என் கண்ணுக்கு முன் பிடித்தார். அக்கருவி எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு உடனே விளங்கியது. விளக்கின் ஒளி என் விழித்திரையில் படுகிறது. அங்கிருந்து வெளிவரும் கதிர்களை அந்த வில்லை குவித்து, எங்கள் இருவருக்கும் இடையே காற்றில் ஒரு தலைகீழ் மெய்ப்பிம்பத்தை அமைக்கிறது. என் கண்ணின் உட்புறம் அந்தரத்தில் தலைகீழாகத் தொங்குகிறது. அவர் அதைப் பார்க்கிறார். எனக்குக் கூசும் ஒளி மட்டுமே தெரிகிறது.

"மேல் பக்கம் கிழிஞ்சிருக்கு. அங்கிருந்து திரை கழண்டு இறங்கி நடுப்பகுதியையும் தூக்கிடுச்சு" என்றார். "என்ன வேலை பாக்கறீங்க?"

"இயற்பியல் ஆசிரியை."

"அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். நிழல் எப்ப இருந்து தெரியுது?"

கண்ணுக்குள் விழும் பிம்பம் தலைகீழானது. கீழே தெரியும் நிழலுக்குக் காரணம் மேலே இருக்கிறது. மேலே கிழிந்த திரை, நீர் புகுந்து தன் எடையால் கீழ்நோக்கிக் கழலும்; ஒவ்வொரு நாளும் முக்கியம். இத்தனையும் அந்த ஒரு கேள்விக்கும் என் விடைக்கும் இடையில் எனக்கு முழுமையாகத் தெரிந்துவிட்டது.

"ரெண்டு நாளா" என்றேன்.

பக்கத்தில் இருந்த இளம் மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். "சீக்கிரம் வந்துட்டீங்க. ரெண்டு நாள்னா நடுப்பார்வை ஓரளவு நல்லாவே திரும்ப வாய்ப்பிருக்கு" என்றார் மருத்துவர். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் அறுவை நடந்தது. கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் தெளிந்த கூழை எடுத்துவிட்டு, திரையை அதன் இடத்தில் படியவைத்து, கிழிசலைச் சுற்றி லேசர்க் கதிரால் ஒட்டி, கண்ணுக்குள் ஒரு வாயுவை நிரப்பினார்கள். அந்த வாயுக்குமிழி திரையை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். குமிழி எப்போதும் மேலே செல்லும். அழுத்தவேண்டிய திரையோ கண்ணின் பின்சுவரில் உள்ளது. பின்சுவர் மேற்பக்கமாக வரவேண்டுமானால் முகம் தரையை நோக்கவேண்டும். ஆகவே பத்து நாட்கள், உண்ணும்போதும் உறங்கும்போதும், முகம் கவிழ்ந்தே இருக்கவேண்டும் என்றார்கள்.

பெண்கள் கூடத்தில் ஆண்கள் தங்கக்கூடாது. அண்ணன் ஊருக்குப் போய் மதினியை அனுப்பினார்.

மதினிக்கும் எனக்கும் இடையே இருபது ஆண்டுகளாக ஒரு மெல்லிய விலக்கம் உண்டு. அவர் சிக்கலுக்கு மருமகளாக வந்த புதிதில் அவருடைய பேச்சை நான் இரண்டு மூன்று முறை திருத்தினேன். அதன்பின் என் முன்னிலையில் அவர் குறைவாகவே பேசுவார். இப்போது முதலில் தெரிந்தவை அவருடைய பாதங்கள். மிளகாய்க் காட்டின் கரிசல் குதிகால் வெடிப்பில் இருந்தது.

"என்ன வடிவு, மூக்குத்தித் திருகாணியத் தேடுற மாதிரி கெடக்க?"

"நிமிரக் கூடாது மதினி."

"நிமிராத. ஊரெல்லாம் நிமிந்து நடந்தவதான. பத்து நாளைக்குக் குனிஞ்சுதான் பாரேன்."

சொல்லிவிட்டு, என் தலைமுடியைப் பிரித்துச் சிக்கெடுத்துப் பின்னினார். இருபது ஆண்டுகளில் அவர் என்னைத் தொட்டது அதுவே முதல் முறை என்று நினைக்கிறேன். இதைச் சரிபார்க்க இயலவில்லை.

கட்டிலின் விளிம்புக்கு வெளியே முகம் தொங்க, நெற்றியை ஒரு வளையத் திண்டில் பதித்துக் கிடந்தேன். எனக்கு உரியதாயிருந்த உலகம் ஏறத்தாழ மூன்றடிச் சதுரத் தரை. சிமெண்டு, ஒரு விரிசல், கட்டில் கால், வந்துபோகும் செருப்புகள். மக்களை அவர்களுடைய காலணிகளால் அறியக் கற்றேன். நாட்களில் மிக நீண்டவை பிற்பகல்கள். பேசுவதற்கு ஆள் இருந்தும் பேசத் தோன்றாத நேரங்கள் அவை. யாராவது என்னிடம் பேசினால், அவர் என் முதுகிடம் பேசுகிறார் என்ற எண்ணத்தை விலக்க முடியவில்லை.

இரண்டாம் நாள் காலை, மதினி அந்தத் தரையை ஈரத்துணியால் துடைத்தார். பிறகு என் கைப்பையில் கிடந்த சுண்ணக்கட்டியை எடுத்து, என் முகத்துக்கு நேர் கீழே ஏழு புள்ளிக் கோலம் ஒன்றை இட்டார். செவிலியின் வெள்ளைச் செருப்பு வந்து நின்றது.

"ஆஸ்பத்திரித் தரையில என்னம்மா இது?"

"வாசல்லதான கோலம் போடுவாக? இவளுக்கு வாசல் இங்கனதான் இருக்கு."

வெள்ளைச் செருப்பு சிறிது நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது. மறுநாள் காலை அது கோலத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தது.

அப்போதுதான் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல், "அக்கா, எனக்கும் ஒண்ணு போடுங்களேன். பூ மாதிரி" என்றது.

அவர் கீழக்கரையைச் சேர்ந்த ஜொகரா. முப்பது வயதிருக்கும் என்று குரலைக்கொண்டு கணித்தேன். கணவர் துபாயில் இருந்தார்; ஜொகராவின் தாய், அவர் அழைப்பில் உம்மா, துணைக்கு இருந்தார். இடக்கண்ணில் இதே நோய், இதே அறுவை, இதே கவிழ்ப்பு. எங்கள் கட்டில்களுக்கு இடையே நான்கு அடி. ஆனாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

"உம்மா தொழப் போயிருக்காக" என்றார் ஒரு பிற்பகல். "நான் எங்கன போக? நாலு நாளா சுஜூதுலயேதான் கெடக்கேன். இத்தன சுஜூது எங்க ஊருல யாரும் செஞ்சிருக்க மாட்டாக டீச்சர்."

தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவதை அவர்கள் அவ்வாறு சொல்வர். நான் சிரித்தேன், சிரித்தால் திண்டு அசையும் என்று அஞ்சி நிறுத்தினேன்.

ஐந்தாம் நாள் மருத்துவர் சுற்றுக்கு வந்தார். ஜொகராவின் தாளைப் புரட்டும் ஓசை கேட்டது.

"இருபது நாளு நிழலை வச்சுக்கிட்டு என்னம்மா செஞ்சுக்கிட்டு இருந்த?"

"தங்கச்சிக்குக் கல்யாணம் டாக்டர். சொன்னா நிக்காஹ்வைத் தள்ளி வச்சிருவாகன்னு சொல்லல."

"கண்ணைவிடக் கல்யாணமா? பக்கத்துல டீச்சரைப் பாரு. நிழல் தெரிஞ்ச ரெண்டாம் நாளே ஓடி வந்துட்டாங்க. படிச்சவங்க, விவரம் தெரியுது."

மருத்துவரின் பழுப்புச் செருப்பு என் கோலத்தருகே நின்றது. பேசவேண்டியவள் நான். "உறுத்தல் ஏதாவது இருக்கா?" என்று அவர் கேட்டது கண்ணைப் பற்றி. இல்லை என்றேன். அது இரண்டாம் பொய்.

அதன்பின் ஜொகரா என்னிடம் முன்போல் பேசவில்லை. மாலையில் மட்டும், தயங்கித் தயங்கி, "டீச்சர், உங்க மொகம் எப்படி இருக்கும்னு பாக்கணும் போல இருக்கு. ரெண்டாம் நாள்லயே வெவரம் புரிஞ்ச மொகம்" என்றார். அதில் கேலி இருந்ததா என்பதை என்னால் அறிய முடியவில்லை.

"கண்ணாடி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

சுர்மா என்னும் கண்மை இடுவதற்காக அவர் ஒரு கையடக்க ஆடி வைத்திருந்தார். அதைக் கட்டில்களுக்கு நடுவே தரையில் மல்லாத்தி வைக்கும்படி மதினியிடம் சொன்னேன். ஆடியில் ஒளி எந்தக் கோணத்தில் சாய்ந்து விழுகிறதோ அதே கோணத்தில்தான் மறுபுறம் சாய்ந்து எழும். இரு முகங்களும் ஒரே உயரத்தில் இருந்தால் ஆடி சரிபாதியில் இருக்கவேண்டும்.

"எனக்கு உங்க காதுதான் தெரியுது" என்றார் ஜொகரா.

"தலையணை எத்தனை?"

"ரெண்டு."

"எனக்கு ஒண்ணு. உங்க முகம் உயரத்தில இருக்கு. மதினி, ஆடி என் பக்கம் நகரணும்."

மதினி கால் பெருவிரலால் ஆடியைத் தள்ளினார். "இம்புட்டுப் போதுமா? இன்னுமா? ஏ, ரெண்டு பேரும் என்னைய வச்சுச் சோழி விளையாடுறீகளா?"

"நில்லுங்க மதினி."

ஆடிக்குள் ஒரு கண் வந்தது. மறு கண்ணில் வெள்ளைக் கட்டு. நீண்ட முகம், களைத்த உதடுகள், பிம்பத்தின் வலக்கன்னத்தில் ஒரு மச்சம். ஆடி இடவலம் மாற்றிக் காட்டும். ஆகவே அது அவருடைய இடக்கன்னத்து மச்சம். ஐந்து நாட்களில் நான் கண்ட முதல் மனித முகம் அது.

ஒளியின் பாதை மீளக்கூடியது. எந்த வழியே ஓர் ஒளிக்கதிர் சென்றதோ அதே வழியே திரும்பி வரவும் முடியும். ஆடியில் ஒருவர் கண்ணை நாம் கண்டால், அவரும் நம் கண்ணைக் கண்டே தீர்வார். ஒருவர் மட்டும் ஒளிந்திருந்து பார்க்க ஒளி இடங்கொடுப்பதில்லை. இதை நான் வகுப்பில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவேன். ஜொகரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ரெண்டாம் நாள் வரல" என்றேன். "ஒன்பது நாள்."

அவருடைய கண் இமைத்தது. "ஏன் டீச்சர்?"

"எனக்குத் தெரியும்னு நினைச்சேன். அட்டையில துளை போட்டு நானே சோதிச்சுப் பார்த்து, கண்ணாடிதான் மாத்தணும்னு முடிவு பண்ணினேன். டாக்டர் கேட்டப்ப சொல்ல வெக்கமா இருந்தது."

"தெரியாம நான் வரல. தெரிஞ்சு நீங்க வரல. நல்ல சோடிதான் வந்து கவுந்து கெடக்கோம்" என்றார். உதட்டோரம் சிரிப்பு வந்துபோனது. "டாக்டர்ட்ட சொல்லிருங்க. எனக்காகச் சொல்லவேணாம். அவுக அந்தத் தாளப் பாத்துத்தான வைத்தியம் செய்றாக."

மதினியின் பாதங்கள் ஆடியருகே அசையாமல் நின்றன.

"ஒம்பது நாளா?" என்றார். "நாங்க சிக்கல்லதான இருந்தோம். அடுத்த வீட்டுக்கு ஒரு போன் போட்டு, கண்ணு தெரியல அண்ணேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவுக அந்த ராவே வந்து நின்னுருக்க மாட்டாகளா? அம்புட்டுத் தூரத்துலயா நாங்க இருந்தோம்?"

அவருடைய பேச்சில் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் காலை மருத்துவரிடம் சொன்னேன். தாளில் பேனா கீறும் ஓசை கேட்டது. இரண்டு என்பதை அடித்து ஒன்பது என்று எழுதி, அருகே கையொப்பமிட்டார். அந்தத் தாளின் படி இப்போது என்னிடம் இருக்கிறது.

"ஆபரேஷன் மாறியிருக்காது, அதே முறைதான் செஞ்சிருப்போம்" என்றார். "ஆனா பார்வை இவ்வளவு திரும்பும்னு நான் சொன்னது ரெண்டு நாள் கணக்குல. இப்ப என்னால அதைச் சொல்ல முடியாது. நீங்களே இப்படிச் செய்யலாமா?"

"செஞ்சிருக்கக் கூடாது. இன்னொன்னும் இருக்கு டாக்டர். நேத்து அவங்களைத் திட்டினது எனக்கும் சேர வேண்டியது."

பழுப்புச் செருப்பு திரும்பி அடுத்த கட்டிலுக்குப் போனது. "ஜொகரா, கேட்டுதா? டீச்சரும் உன் கட்சிதான்."

"நேத்தே சேத்துக்கிட்டேன் டாக்டர்" என்றார் ஜொகரா.

இரண்டு நாட்கள் ஆடி தரையிலேயே இருந்தது. காலையில் விழித்ததும் அதில் பார்த்துக்கொள்வோம். மூன்றாம் நாள் என்னைச் சோதனை அறைக்கு அழைத்துச் சென்றார்கள். குனிந்தபடியே நடந்து, குனிந்தபடியே காத்திருந்து, திரும்பிவரப் பிற்பகல் ஆகிவிட்டது. அடுத்த கட்டிலில் புதிய விரிப்பு விரித்திருந்தது. ஜொகராவை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகக் கூட்டும் பெண் சொன்னாள். மறுபடியும் திரை கழன்றதால் வேறு கூடத்துக்கு மாற்றியதாக ஒரு நோயாளிக்குத் துணையிருந்தவர் சொன்னார். மதினி அந்நேரம் உணவு வாங்கப் போயிருந்தார். இரண்டு செய்திகளும் சரிபார்க்கப்படாதவை. இரண்டு நாள் கேட்டும் உறுதியான விடை கிடைக்கவில்லை. ஆடி மட்டும் இடம் மாறாமல் கிடந்தது. அதில் மின்விசிறி சுழல்வது தெரிந்தது.

பத்து நாள் முடிந்ததும் அண்ணன் வீட்டுக்கு, சிக்கலுக்குப் போனேன். நிமிர்ந்து உட்கார்ந்தபோது வலக்கண்ணின் பார்வையில், கீழ்ப்பாதியில் தேங்கிய நீர்போல் ஒன்று தளும்பியது. அதுதான் குமிழி. கண்ணுக்குள் அது மேலே மிதக்கிறது. பிம்பம் தலைகீழாவதால் எனக்குக் கீழே தெரிகிறது. நாளுக்கு நாள் அது சிறுத்து, குண்டுமணி அளவாகி, ஒரு காலை இல்லாமற்போனது. அது கண்ணின் உச்சியில் மறைந்தது. நான் கண்டதோ, அது அடியில் அமிழ்ந்ததை.

குமிழி மறைந்த மறுநாள் மதினி வாசலில் ஏழு புள்ளி வைத்துவிட்டு என்னை அழைத்தார். "நல்ல கண்ண மூடிக்கோ. எத்தன புள்ளி?"

இது வலக்கண்ணால் கண்டது: ஓரத்துப் புள்ளிகள் நேராக நின்றன. நடுவரிசை உள்ளே இழுக்கப்பட்டதுபோல் நெளிந்திருந்தது.

"அஞ்சு."

மதினி குனிந்து நடுவில் இரண்டு புள்ளிகளின்மேல் மேலும் மாவை வைத்தார். "இப்ப?"

"அஞ்சுதான் மதினி."

"சரி. நாளைக்கு இன்னும் பெருசா வைக்கேன்."

அதன்பின் நான் அங்கிருந்த நாற்பது நாளும் வைத்தார். மருத்துவமனையில் நடுப்பார்வையைச் சோதிக்கக் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அது செய்யும் வேலையையே அந்தக் கோலமும் செய்தது. நாற்பதாம் நாள் ஆறு புள்ளிகள் எண்ணினேன். அதற்குமேல் இன்றுவரை கூடவில்லை.

திரை இன்றும் ஒட்டியே இருக்கிறது. வலக்கண்ணால் நடமாட முடியும். எழுத்துப்பலகையின் மிகப் பெரிய எழுத்தைப் படிக்க முடியும். ஒருவர் முகத்தை நேராகப் பார்த்தால் காதுகளும் கூந்தலும் தெரியும், நடுவில் முகம் இராது. இடக்கண்ணால் பாடம் நடத்துகிறேன். தலைகீழ் பிம்பத்தைக் கற்பிக்கும் நாளில், கீழே நிழல் தெரிந்தால் மேலே கிழிந்திருக்கலாம் என்று கரும்பலகையில் எழுதுகிறேன். கண்ணில் திடீரென ஒளி மின்னினாலும், கரித்தூள் மிதந்தாலும், எந்த விளிம்பிலாவது நிழல் நின்றாலும் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும்; அதற்குமுன் வீட்டில் உள்ள ஒருவரிடம் சொல்லவேண்டும்; தனியாக இருப்பவர், தொலைவில் உள்ள ஒருவரிடமாவது சொல்லவேண்டும். இதையும் எழுதச் சொல்கிறேன். தேர்வில் இது கேட்கப்படுவதில்லை.

இனி, தெரியாதவை. ஜொகராவின் கண் என்னவாயிற்று என்று தெரியாது. மச்சம் இடக்கன்னத்தில் என்பது ஆடியைக்கொண்டு நான் கணித்தது, நேரில் கண்டதில்லை. ஆடி என்னிடம் இருக்கிறது.

என் விழித்திரையின் நடுப்பகுதி எந்த நாளில் கழன்றது என்பதும் தெரியாது. துளைவழியே எண்கள் தெரிந்த இரண்டாம் நாள் இரவே அது கழன்றிருக்கலாம். அப்படியானால் மற்ற ஏழு நாட்களும் என்னிடமிருந்து எடுத்துச் சென்றது குறைவு. எட்டாம் நாள் மாலைவரை அது ஒட்டியே இருந்திருக்கலாம். மருத்துவரிடம் இரண்டு முறை கேட்டேன். கண்டறிய வழியில்லை என்று இரண்டு முறையும் ஒரே விதமாகச் சொன்னார்.